தட்டின் அடியில் வைத்த தாள்

ஜெபா,

உன் கல்யாணக் கார்டுகளில் ஒன்று மட்டும் பதினொரு நாள் என் கைப்பையிலேயே கிடந்தது. "கல்யாணிம்மாவுக்குக் குடுத்தாச்சா மம்மி?" என்று வைட்ஃபீல்டிலிருந்து நீ போன் பண்ணும்போதெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். முட்டி வலி என்றேன். மெட்ரோவில் கூட்டம் என்றேன். அவள் ஊருக்குப் போயிருக்கிறாளாம் என்றுகூடச் சொன்னேன். அது சுத்தப் பொய். நேற்று சனிக்கிழமை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் "மீட்டிங் இருக்கு மம்மி, அப்புறம் பேசறேன்" என்பாய், நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். எழுதினால் நீ படித்துத்தான் ஆக வேண்டும். முப்பது வருஷம் பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரையைத் திருத்தியவள் எழுதுவது, அதனால் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

கார்டைக் கையில் கொடுத்தபோது நீ என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். அப்பா இல்லாததால், உன் ரீனா வீட்டாரின் மாதா கோவிலுக்குள் மாப்பிள்ளையாக நடந்து போகும்போது ஒரு பக்கம் நான் வர வேண்டும், இன்னொரு பக்கம் கல்யாணி வர வேண்டும் என்றாய். அப்புறம், போனைப் பார்த்துக்கொண்டே, "அவங்ககிட்ட ஒரு சாரி சொல்லணும் மம்மி. சின்ன வயசுல ரொம்பத் தொல்லை குடுத்துட்டேன்போல, அதான் வர வேண்டாம்னுட்டாங்க. முதல்ல நீங்க போய்க் கூப்பிடுங்க, எனக்கு அவங்க முன்னாடி நிக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குழம்பு அடிப்பிடித்தது என்று அன்றைக்குச் சொன்னேனே, அடிப்பிடித்தது குழம்பு மட்டும் இல்லை. அந்த சாரியை நீ சொல்ல வேண்டியதில்லை. யார் சொல்ல வேண்டும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு என் பொறாமையிலிருந்து தொடங்க வேண்டும். சின்னப் பொறாமை என்று நினைத்துவிடாதே.

நாம் லிங்கராஜபுரத்தில் இருந்த காம்பவுண்டு உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. ஒரே கேட்டுக்குள் நான்கு வீடு, பொதுவில் ஒரு குழாய். எதிர் வீட்டில் கல்யாணி. ஆரணிப் பக்கத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் சேகர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். கல்யாணமாகி ஐந்து வருஷம், அவர்களுக்குக் குழந்தை இல்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றரைக்கு வந்துவிடுவாய், நான் வர ஐந்தாகும். அந்த மூன்றரை மணி நேரமும் நீ அவள் பிள்ளை. நம் சபையில் எல்லாப் பிள்ளைகளையும்போல நீ என்னை மம்மி என்று கூப்பிடப் பழகியிருந்தாய். அவளைக் கல்யாணிம்மா என்றாய். மம்மி என்று பழக்கிவிட்டது நான்தான், ஆனாலும் அம்மா என்ற வார்த்தை எதிர் வீட்டுக்குப் போய்விட்டதே என்று எனக்கு வயிறு எரியும். ஸ்கூல் பையும் குடையுமாக நான் அவள் வாசலில் நின்று கூப்பிட்டால், "இன்னும் அஞ்சே நிமிஷம் மம்மி" என்பாய், அவள் முந்தானைக்குள் இருந்துகொண்டு. "விடுங்க டீச்சர், கதையை முடிச்சுட்டு வரட்டும்" என்பாள் அவள். நான் சிரிப்பேன். வீட்டுக்குள் வந்து பாத்திரங்களிடம் என் கோபத்தைக் காட்டுவேன்.

அவள் சனிக்கிழமைதோறும் மாதா கோவிலுக்குப் போவாள். அவள் சமையல் அலமாரியில் திருவண்ணாமலை தீபப் படம் இருந்தது, முருகன் காலண்டர் இருந்தது, அவற்றுக்கு நடுவில் சேலை கட்டிய மாதாவும் இருந்தாள். "அங்க போனா யாரும் நீ யாரு, எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க டீச்சர். மெழுகுவத்தி ஏத்தி வெச்சுட்டு, கொஞ்ச நேரம் அழுதுட்டு வந்துடலாம்" என்பாள். ஒரு நாள் கேட்டாள், "உங்க சர்ச்சு ஏன் டீச்சர் எப்பவும் பூட்டியே கிடக்குது?" நம் சபை வாசலில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் பெரிய போர்டு உண்டு: அனைவரும் வருக. அதற்கு நேர் கீழே பூட்டு. ஞாயிறு காலையும் புதன் சாயங்காலமும்தான் அந்தப் பூட்டு திறக்கும். செப்டம்பர் மாதம் மாதா கோவில் திருவிழாவுக்குக் காவிச் சேலை கட்டிய பெண்கள் ரோடு கொள்ளாமல் போவார்கள். அதில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இருக்கும். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "பாவம், சத்தியம் தெரியாத ஜனங்க" என்போம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்களிடம் தெருவில் கொடுக்கும் கைப்பிரதி இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது, வாராவாரம் வசனம் மாற்றும் பலகை இருந்தது. ஜனம் மட்டும் அங்கே இருந்தது.

அந்த வருஷம் சபையில் நண்பர் ஞாயிறு வைத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் நம்பிக்கைக்கு வெளியே இருக்கும் ஒருவரையாவது அழைத்து வர வேண்டும். நான் கல்யாணியைக் கூப்பிட்டேன். தலை நிறையப் பூவும் பட்டுச் சேலையுமாக வந்தாள் பாவம், விசேஷ வீட்டுக்கு வருகிறவள்போல. வாசலிலேயே ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். பெயர், விலாசம், அதற்குக் கீழே ரட்சிக்கப்பட்ட தேதி. "இது இல்லாதவங்க உட்காரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். அதை விட்டுவிடு என்றேன். ஆராதனை நடுவில் புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். புறஜாதியாரிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்காக என்று ஒருவர் உருக்கமாக ஜெபித்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டாள், "அது யாரு டீச்சர், புறஜாதி?"

"வெளியில இருக்கிறவங்கன்னு அர்த்தம்" என்றேன்.

"நான் உள்ளதானே உட்கார்ந்திருந்தேன், உங்க பக்கத்துல."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு ரோஸ்லின் என்று எங்கள் சங்கத்துப் பெண் மூன்று பேரை அழைத்து வந்து ஆயரிடம் பெயர் வாங்கிவிட்டாள். நான் ஒருத்தியோடு நின்றுவிட்டேனே என்பதுதான் ஆட்டோ முழுக்க என் மனசில் ஓடியது. அடுத்த வாரமும் வருகிறாயா என்று கேட்டேன். "உங்க கோவில்ல என்ன பண்றது டீச்சர்? உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருக்கணும். மாதாகிட்டன்னா நான் பேசலாம்" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் சுருக்கென்று பட்டது.

அதே வருஷம் உனக்கு டெங்கு வந்தது. எட்டு வயசு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. அப்பா ரத்தத்துக்கு அலைந்தார். நான் மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தேன். சங்கத்துப் பெண்கள் முறை வைத்து ஜெபித்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கல்யாணி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் ஒரு நூல்கண்டு. தூங்கிக்கொண்டிருந்த உன்னை உச்சியிலிருந்து பாதம்வரை நூலால் அளந்தாள். அளந்த இடத்தில் பல்லால் கடித்து அறுத்து, சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னடி இது என்றேன். மாதாவுக்குப் பிள்ளையின் உயரத்தில் மெழுகுவர்த்தி வைப்பதாக வேண்டிக்கொண்டாளாம். செருப்பில்லாமல் நடந்தே போய் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்தாய். நான் உன் முகத்துக்கு மேலே குனிந்துகொண்டிருந்தேன். "கல்யாணிம்மா எங்க?" என்றாய்.

ஜெபா, நீ பிழைத்த சந்தோஷத்தில் அந்தக் கேள்வி எனக்குக் காதில் விழாமல் போயிருக்க வேண்டும். எந்தத் தாய்க்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கு அது மட்டும்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் குழாயடியில் எல்லோரிடமும், "மாதா காப்பாத்திட்டா" என்றாள். நான் சபையில் எழுந்து நின்று, உபவாச ஜெபத்தைக் கர்த்தர் கேட்டார் என்று சாட்சி சொன்னேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆயர் உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். "தம்பிக்கு சுகம் கொடுத்தது யாரு?" என்று கேட்டார். நீ கொஞ்சம்கூட யோசிக்காமல், "மாதா. கல்யாணிம்மா என் ஹைட்டுக்கு கேண்டில் வெச்சாங்க" என்றாய். ஆயர் உன் தலையைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்தார். பிள்ளையையும் பறித்துக்கொண்டாள், பிள்ளை பிழைத்த பெருமையையும் பறித்துக்கொண்டாள் என்று நான் உள்ளுக்குள் வெந்தேன். ஒரு புராட்டஸ்டன்ட் பெண்ணுக்கு மாதாமேல் பொறாமை வரலாமா என்று கேட்டால் சிரிப்பாய். வந்தது. அவளும் ஒரு மகனைப் பெற்றவள்தானே, என் மகனை ஏன் விட்டுவைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

டிசம்பர் வந்தது. நாம் வழக்கம்போலக் கல்கல் செய்தோம். முள்கரண்டியின் முதுகில் மாவை உருட்டிச் சுருட்டுவது உன் வேலை. நம் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கம் எல்லோருக்கும் தட்டு போகும். கல்கல், ரோஸ் குக்கீஸ், இரண்டு துண்டு கேக், மேலே ஒரு துணி. தீபாவளிக்கு அவர்கள் தட்டு நமக்கு வரும். யார் வீட்டுத் தட்டும் காலியாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த வருஷம் சங்கத்தில் ஆளுக்கொரு கட்டு கைப்பிரதி கொடுத்திருந்தார்கள். முகப்பில் நெருப்புப் படம். உள்ளே, கையால் செய்த தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களும் மரித்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் எங்கே போவார்கள் என்று எழுதியிருந்தது. அவளுக்கென்றே அச்சடித்ததுபோல இருந்தது. கல்யாணியின் தட்டில் பட்டர் பேப்பரைத் தூக்கி, அடியில் அதை வைத்தேன். மேலே கல்கலைப் பரப்பினேன். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நீ. என் கைகூட அதில் படவில்லை என்று இருக்கட்டுமே என்றுதான் உன்னை அனுப்பினேன்.

இதற்கு நான் ஊழியம் என்று பெயர் வைத்தேன். அவள் ஆத்துமாவின்மேல் பாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அவள் ஆத்துமாவைப் பற்றி அன்றைக்கு எனக்கு எள்ளளவும் கவலை இல்லை. நீ வெளியே இருக்கிறவள், என் பிள்ளையும் அவனுடைய கடவுளும் உள்ளே இருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதை நேருக்கு நேர் சொல்லத் தைரியமில்லை, தட்டின் அடியில் வைத்தேன்.

மறுநாள் காலையில் தட்டு நம் வாசல்படியில் இருந்தது. தேய்த்துக் கழுவி, துடைத்து, காலியாக. உள்ளே ஒரு மணி சர்க்கரைகூட இல்லை. நான் போய்க் கேட்கவில்லை. அவளும் வரவில்லை. பள்ளி திறந்த அன்று நீ பையை மாட்டிக்கொண்டு, மத்தியானம் கல்யாணிம்மா வீட்டில்தானே என்று கேட்டாய். அப்போது நான் சொன்னேன்: "இல்ல. இனிமே வர வேண்டாம்னு கல்யாணிம்மா சொல்லிட்டாங்க. நீ ரொம்பச் சேட்டை பண்றியாம்."

அவள் சொல்லவே இல்லை, ஜெபா. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நானே இட்டுக்கட்டிச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் நீ ஒரு படம் வரைந்தாய். ஒரு பெரிய பொம்பளை, பக்கத்தில் ஒரு சின்னப் பையன், இருவருக்கும் மேலே மெழுகுவர்த்தி. கீழே "சாரி கல்யாணிம்மா, இனிமே சேட்டை பண்ண மாட்டேன்" என்று எழுதி, கொடுத்துவிடுங்கள் என்று என்னிடம் தந்தாய். நான் வாங்கி என் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். கொடுத்துவிட்டேன் என்றேன். அவங்க என்ன சொன்னாங்க என்று கேட்டாய். ஒண்ணும் சொல்லல என்றேன். உன்னை ட்யூஷனில் சேர்த்தோம். எதிர் வீட்டு ஜன்னல் மத்தியானமெல்லாம் திறந்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடுத்த வருஷம் கம்பெனிக்குப் பக்கம் என்று அவர்கள் பொம்மசந்திராவுக்கே வீடு மாறினார்கள். சாமான் ஏற்றிய அன்று நான் லீவு போடாமல் பள்ளிக்கூடம் போனேன். ஜனவரி சங்கக் கூட்டத்தில், அக்கம்பக்கத்தாருக்குச் சுவிசேஷம் சொன்னவர்கள் யார் என்று கேட்டபோது கை தூக்கியிருந்தேன். அவர்கள் எனக்கும் கை தட்டினார்கள்.

பழைய காம்பவுண்டு வாசலில் இஸ்திரி போடும் அண்ணனிடம் அவள் நம்பர் இருந்தது. நேற்று காலை கல்கல் தட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதே தட்டுதான், அடியில் அப்பா பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு. பாட்டுப் புத்தகத்திலிருந்து உன் படத்தையும் எடுத்துக்கொண்டேன். ஆர்.வி. ரோட்டில் இறங்கி மஞ்சள் லைன் மாறினேன். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டும்போது திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அவள் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். கொஞ்சம் பெருத்துவிட்டாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். இங்கே வந்த மறுவருஷமே பெண் பிறந்ததாம், இப்போது காலேஜ். அலமாரியில் அதே மூன்று படங்கள்.

"வாங்க டீச்சர்" என்றாள், நேற்றுத்தான் பார்த்ததுபோல. தட்டை வாங்கினாள். துணியை எடுத்தாள். என் முன்னாலேயே பட்டர் பேப்பரின் ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள்.

"கீழ ஒண்ணும் இல்லையே?"

"இல்ல கல்யாணி."

"அன்னிக்கு அவரு அதை எடுத்து சத்தமாப் படிச்சாரு. என் மாமியா, நாத்தனாரு எல்லாம் வந்திருந்தாங்க. உங்க டீச்சரு நம்மள எங்க அனுப்புறாங்க பாருன்னாரு. நான் விடல. டீச்சர் வெச்சிருக்க மாட்டாங்க, சர்ச்சுல யாராவது வெச்சுக் குடுத்திருப்பாங்கன்னு சண்டை போட்டேன். ரெண்டு நாள் நானும் அவரும் பேசிக்கல."

"நான்தான் வெச்சேன்."

"தெரியும். தட்டைக் காலியா வெச்சா, ஏன்டீ காலியா அனுப்பினேன்னு வந்து கேப்பீங்கன்னு பார்த்தேன். நீங்க வரல. அப்பத்தான் தெரிஞ்சுது." துணியை நான்காக மடித்தாள். "என்னைச் சொன்னீங்க, சரி. புள்ளையை ஏன் நிறுத்தினீங்க? நான் அப்படி என்ன பண்ணிட்டேன்?"

உன் படத்தைத் தட்டில் வைக்கவில்லை, அவள் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்து படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஐந்தாறு வார்த்தை. ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள். நான் உன்னிடம் என்ன சொல்லி நிறுத்தினேன் என்பதைச் சொன்னேன். பொறாமைதான்டி, வேறு ஒன்றும் இல்லை என்றேன். அதற்கு அவள், "குழந்தை இல்லாதவகிட்ட என்ன பொறாமை டீச்சர்?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எட்டு வயசுப் புள்ள, தன்மேல தப்புன்னு நினைச்சுக்கிட்டே வளந்திருக்கான் பாருங்க" என்று மட்டும் சொல்லி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

நீ ஆசைப்பட்டதைச் சொன்னேன். ஒரு பக்கம் அவள் நடக்க வேண்டும் என்று. அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா! ஆனால் உடனே சரி என்று சொல்லவில்லை. "நீங்க கூப்பிட்டா வர மாட்டேன் டீச்சர். நடந்தது அத்தனையும் அவன்கிட்டச் சொல்லுங்க. கேட்டதுக்கு அப்புறம் அவன் கூப்பிட்டா வர்றேன். மெழுகுவத்தி கொண்டாருவேன். இப்ப அவன் எவ்வளவு உயரம்?" என்றாள். ஆறடிக்கு ஒரு விரல் குறைச்சல் என்றேன். "அம்மாடி, அதுக்கு வண்டிதான் புடிக்கணும்" என்று அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள். இன்னும் தயிரைத் தொட மாட்டானா என்று கேட்டாள். இடது கையால்தான் பந்து போடுகிறானா என்று கேட்டாள். மழைக்கு மூக்கடைக்குமே, இப்போது எப்படி என்றாள். இருபது வருஷம் கழித்தும் எல்லாம் நினைவு வைத்திருக்கிறாள். உனக்கு மூக்கடைப்பதை நான் மறந்தே போயிருந்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில், அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, எனக்கு மறுபடி எரிந்தது.

கிளம்பும்போது தட்டைக் கழுவ உள்ளே எடுத்துப் போனாள். தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. காலியாகத்தான் வரும் என்று நினைத்தேன், வரட்டும், நியாயம்தான் என்றும் நினைத்தேன். ரவா லாடு வந்தது. கீழே செய்தித்தாள் விரித்து, மேலே நம் துணியையே போட்டு. வாங்கின என் விரல் தன்னால் அந்தத் தாளின் ஓரத்தைத் தூக்கிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு.

"அடியில என்ன பாக்கறீங்க? நான் என்ன சர்ச்சா நடத்தறேன்?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். படியிறங்கி வரும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் சபைக் கமிட்டியில், வாரம் முழுக்கக் கேட்டைத் திறந்துவைக்கலாமே, யாராவது வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமே என்று சொன்னேன். ரோட்டில் போகிறவர்களெல்லாம் பைக்கை உள்ளே நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். நிறுத்தட்டுமே என்றேன். பார்க்கலாம் அக்கா என்றார்கள். அந்தப் பூட்டைத் திறப்பார்களோ மாட்டார்களோ, கல்யாணிக்குச் சுவிசேஷம் சொன்னேன் என்று கை தூக்கிய என் சாட்சி அங்கே பொய்யாக நிற்கிறது. நீ படித்துச் சரி என்று சொன்னால், கல்யாணியின் பெயரை மாற்றி, இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருத்த வேண்டும். ரோஸ்லின் படிப்பாள். படிக்கட்டும்.

உனக்கும் ரீனாவுக்கும் நான் புத்தி சொல்கிற நிலையில் இல்லை. இருந்தாலும் ஒன்று. அடுத்த கிறிஸ்துமஸுக்கு உங்கள் அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்புவீர்கள். அனுப்புங்கள். கல்கல் கடினமாக வந்தால்கூடப் பரவாயில்லை. அடியில் பட்டர் பேப்பர் மட்டும் இருக்கட்டும். உங்கள் சாமியைப் பற்றி அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள், மணிக்கணக்கில் சொல்லுங்கள். தட்டு உங்களுக்காகப் பேசட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டதில் என்ன ஆனது என்று படித்துவிட்டாய்.

நீ சேட்டை பண்ணவில்லை ஜெபா. நீ நல்ல பிள்ளை. உன்னைத் தன் பிள்ளையாக நினைத்த ஒருத்தியை உனக்கு இல்லாமல் பண்ணினேன், அதை உன் தப்பு என்று உன்னிடமே சொன்னேன். என்னை மன்னிக்க உனக்கு நாளாகும் என்றால் ஆகட்டும், கல்யாணத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று இல்லை. அவள் நம்பரை இந்தக் காகிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன். படித்து முடித்ததும் முதலில் அவளைக் கூப்பிடு. கோவிலுக்குள் அவள் இடது பக்கம் வரட்டும், வலது பக்கம் எனக்கு. அதை மட்டும் விட்டுத் தர முடியாது. அப்புறம் என்னைக் கூப்பிடு. அவளிடம் எவ்வளவு நேரம் பேசினாய் என்று நான் கேட்க மாட்டேன்.

கேட்பேன்.

மம்மி